கறுப்புக் காரும் காய்ந்த துணியும்



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதத் தொடங்கினோம். எழுதி முடித்துப் பார்த்தால் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஏதோ இருக்கிறது போலத் தெரிந்தது. நேரம் இருந்தால் முழுதாக வாசியுங்கள்.

எங்களிடம் ஒரு கறுப்புக் கார் இருக்கிறது. 2019இல் லீசிங்கில் எடுத்த பழைய ஜப்பான் கார். இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம், ஒரே காரில் போய் வருகிறோம். நாங்கள் எடுத்து ஒரு வருடம் ஆகவில்லை, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஆசிரியர் சம்பளத்துக்குப் புதுக் கார் கனவுதான். ஆகவே இருப்பதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டும் இருந்தோம்.

போன வருடம் ஏறாவூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் இரவில் திரும்பி வந்தோம். காரில் மாமியும் மச்சானும் மகனும். மாமிக்குத் தலை சுற்றுகிறது என்று கல்லடிப் பாலத்தடியில் நிறுத்தி, எல்லோரும் இறங்கிக் காற்று வாங்கினோம். லைட் போஸ்டுக்கு நேர் கீழே கார் நின்றது. மச்சான் பொனெட்டைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“என்ன மச்சான், காரெல்லாம் சிலந்தி வலை பின்னின மாதிரி இரிக்கி?”

பார்த்தோம். உண்மைதான். விளக்கு வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக ஆயிரம் மெல்லிய கோடுகள். பகலில் ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

காரைக் கழுவுவது மகனின் வேலை. உயர்தரம் படிக்கிறான். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைக் காலையில் யாரும் சொல்லாமலே வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அந்த இடத்திலேயே, எல்லோருக்கும் முன்னால், இருவரும் அவனை ஏசினோம். “ஒழுங்காக் கழுவத் தெரியாட்டி கை வைக்காம இருந்திருக்கலாமே” என்றோம். அதற்கு மேலும் சில வார்த்தை. அவன் ஒன்றும் பேசவில்லை. வாவிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாளிச் சத்தம் கேட்கவில்லை. கேட்டதற்கு “படிக்க இரிக்கி” என்றான். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே.

கச்சான் காற்றுக் காலம். எங்கள் ஊர் மணலும் தூசியும் தெரியும்தானே, ஒரு பகலில் கார் சாம்பல் நிறமாகிவிடும். ஒருநாள் பாடசாலை விட்டு வந்து பார்த்தால் டிக்கியில் யாரோ பிள்ளை விரலால் “கழுவவும்” என்று எழுதி வைத்திருந்தது. அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில் “தயவுசெய்து”. சிரித்துவிட்டோம். எழுத்துப் பிழை இல்லை என்பதில் ஒரு சந்தோஷம் வேறு. வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். தூசி போனது, எழுத்து போகவில்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் “கழுவவும்” அப்படியே தெரிந்தது.

அந்த எழுத்தைக் காட்டத்தான் நமக்குத் தெரிந்த பெயின்ட் பாஸ் ஒருவரிடம் போனோம். முப்பது வருடத் தொழில்காரர். எழுத்தைப் பெரிதாகப் பார்க்கவில்லை. போன் டோர்ச்சை அடித்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்:

“சேர், ஆரு காலையில துடைக்கிற? காஞ்ச துணியாலயா?”

நாங்கள்தான். ஒவ்வொரு பாடசாலை நாளும், புறப்படுவதற்கு முன், பழைய சாரன் துண்டு ஒன்றால். ஒருவர் பொனெட்டும் டிக்கியும், மற்றவர் கண்ணாடியும் கதவும்.

பாஸ் காட்டினார். கோடுகள் அதிகம் இருந்தது பொனெட்டிலும் டிக்கியிலும் கதவின் மேல்பாதியிலும். நின்றபடி கை எட்டுகிற இடங்கள். கதவின் கீழ்ப்பாதியிலும் சில்லுக்குப் பக்கத்திலும் குறைவு. “கழுவுறதால வந்த கோடெண்டா கீழதான் கூட இருக்கும் சேர். மண் அங்கதானே கூட. இது மேல இரிக்கி. தூசி தட்டின கோடு.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். பாடசாலை நாட்களில், கொரோனாவுக்கு மூடிய காலத்தையும் எரிபொருள் இல்லாத நாட்களையும் கழித்தாலும், காய்ந்த துணியால் துடைத்தது எண்ணூறு தடவைக்குக் குறையாது. மகன் கழுவியது மூன்று வருடத்து வெள்ளிக்கிழமைகள், கூடிப்போனால் நூற்றைம்பது. அதுவும் தண்ணீர் ஊற்றி. அவன் முதன்முதல் வாளியைத் தூக்கும்போதே நாங்கள் பாதி வேலையை முடித்திருக்கிறோம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை, படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில், தேடி வாசித்தோம். எளிதாகச் சொல்கிறோம்.

இப்போதைய கார்களில் தகரத்தின் மேல் அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், அதன் மேல் நிறமில்லாத கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இதைக் கிளியர் கோட் என்பார்கள். எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன். பிள்ளைகளின் கொப்பித் தாள் ஒன்றின் தடிப்புக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரோன் அளவில், தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. வெயிலிலிருந்து நிறத்தையும், உப்புக் காற்றிலிருந்து தகரத்தையும் காப்பதில் முன்னணியில் நிற்பது அதுதான். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கிற நமக்கு அது வெறும் அழகுச் சாமான் இல்லை. 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தைப் பாருங்கள். இந்தக் காற்றில் இரும்புக்கு உள்ள ஒரே சட்டை பூச்சுதான்.

நம் மணலில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கண்ணாடியையே கீறும் கல். காய்ந்த துணியில் ஒரு மணல் அகப்பட்டால், நாம் துடைக்கவில்லை, மெதுவாகக் கீறுகிறோம். அப்போது ஒன்றும் தெரியாது, தூசி போய்ப் பளிச்சென்று இருக்கும்.

வட்டமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. கோடுகள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாக இருக்கின்றன. விளக்கைச் சுற்றி வளைவாக அமைகிற கோடுகள் மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை மறைந்துவிடும். சோறு வைக்கும் சஹனை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு மின்குமிழின் கீழ் பிடித்துப் பாருங்கள், அதே வலை தெரியும். சஹனைச் சாய்த்தால் வலையும் வெளிச்சத்தோடு சேர்ந்து நகரும்.

காய்ந்த துணிப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தோம். வாப்பாவிடம் ஒரு ஒஸ்டின் இருந்தது. ஒவ்வொரு காலையும் துடைப்பார். துடைக்காமல் வண்டியை எடுப்பது முகம் கழுவாமல் வெளியே போவது மாதிரி என்பார். அந்தக் காலத்துக் கார்களுக்குத் தனிக் கிளியர் கோட் கிடையாது. நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சு, தடிப்பாக அடித்திருப்பார்கள். பொலிஷ் போட்டுத் தேய்த்தால் மேலே செத்த பூச்சு துணியில் நிறமாக வரும், கீழே புதுசு மினுங்கும். கிளியர் கோட் பரவலானது 1980களில்தான். வாப்பாவின் கை அவருடைய காருக்குச் சரி. கார் மாறிவிட்டது, கையை நாங்கள் மாற்றவில்லை. அதே கையைத்தான் மகனுக்கும் காட்டிக்கொடுத்தோம். பிறகு அவனையே ஏசினோம்.

அன்று இரவு மகனைக் கூப்பிட்டு, பாஸ் சொன்னதைச் சொன்னோம். “பிழை எங்கட பக்கம் மகன். உன்ன ஏசினது அநியாயம். அதையும் எல்லாருக்கும் முன்னுக்கு ஏசிட்டோம்” என்றோம். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு முன் பேச வராத தயக்கம் ஒரு பிள்ளைக்கு முன் வந்தது. அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டான்: “அப்ப இதை எடுக்கேலுமா?”

எடுக்கலாம். இனி, நாங்கள் எடுத்த விதம். புதிதாகச் செய்பவர்களுக்கு உதவும் என்று விபரமாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு உண்மை. கோட்டை அழிக்க முடியாது. கோட்டைச் சுற்றியுள்ள பூச்சைக் கோட்டின் அடி மட்டத்துக்குத் தேய்த்துக் குறைக்கத்தான் முடியும். அழிறப்பர் எழுத்தோடு சேர்த்துத் தாளையும் கொஞ்சம் எடுப்பது மாதிரி. ஒரே இடத்தில் நாலைந்து தடவை அழித்து ஓட்டை போட்ட கொப்பிகளை எத்தனை பார்த்திருக்கிறோம்! இதுவும் அதுதான். ஆகவே மிகக் குறைவாக எடுப்பதே திறமை. வெறும் வெக்ஸ் பூசினால் கோடு மறையும், ஆனால் போகாது. சில கழுவலில் திரும்பி வரும்.

கழுவுதல். வெயில் தாழ்ந்து தகரம் குளிர்ந்த பிறகு, நிழலில். முதலில் வெறும் தண்ணீர் அடித்து மண்ணை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் போட வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே முடிக்க வேண்டும், நேர்கோடாக. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அதனால் உடனே பெரிய மைக்ரோஃபைபர் துவாயை விரித்து ஒற்றி எடுத்தோம்.

தடவிப் பார்த்தல். கழுவின பிறகு கையை ஒரு மெல்லிய சொப்பிங் பேக்குக்குள் விட்டுப் பூச்சைத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். இது கழுவினால் போகாத அழுக்கு. அதற்குக் களிமண் போன்ற ஒரு கட்டி விற்கிறார்கள், கிளே பார் என்று. சவர்க்காரத் தண்ணீர் தாராளமாக அடித்து, அழுத்தாமல் வழுக்க வேண்டும். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிட வேண்டும். எங்களுடையது ஒரு தடவை விழுந்தது. கழுவி எடுக்கலாமா என்று பார்த்தோம். மகன் வாங்கிக் குப்பைவாளியில் போட்டான்.

மெஷின். இரண்டு வகை உண்டு. ஒன்று ஒரே மையத்தில் வேகமாகச் சுற்றுவது, பெயின்ட் பாஸ்மாரிடம் இருப்பது. கை பழகாதவர் ஒரே இடத்தில் வைத்திருந்தால் சூடேறிப் பூச்சைத் தின்றுவிடும். மற்றது சுற்றிக்கொண்டே அசையும், டூவல் எக்ஷன் என்பார்கள். அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும், அதனால் புதியவர்களுக்கு ஆபத்துக் குறைவு. கட்டாரில் கார் கழுவும் இடத்தில் வேலை செய்துவிட்டு வந்த உறவுக்காரத் தம்பி ஒருவர் தன்னுடையதை இரவல் தந்தார்.

சோதனைச் சதுரம். முழுக் காரிலும் பாயக்கூடாது. டிக்கியில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை எடுத்து, மிக மெல்லிய பொலிஷையும் மிருதுவான ஸ்பொஞ்சையும் முதலில் போட்டுப் பார்த்தோம். பட்டாணி அளவில் நாலு பொட்டு. மெதுவான வேகத்தில் பரப்பி, பிறகு நடுத்தர வேகம். குறுக்கும் நெடுக்குமாக, ஒரு போக்கின் பாதி மற்றதன் மேல் விழ, நத்தை மாதிரி நகர்த்த வேண்டும். துடைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்ககோலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு தடவை துடைக்க வேண்டும். பொலிஷின் எண்ணெய் கோட்டை மறைத்து நம்மை ஏமாற்றும், இது அந்த எண்ணெயை எடுத்துவிடும். பிறகு போன் டோர்ச். எங்களுக்கு முதல் தடவையில் பாதிக் கோடு போயிருந்தது. கொஞ்சம் கடினமான ஸ்பொஞ்சுக்கு மாறினோம். முக்கால்வாசிக்கு மேல் போனது. அந்தச் சேர்க்கையையே வைத்துக்கொண்டோம்.

மகன் ஸ்பொஞ்ச் ஒட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டான். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் அழுத்தம் சரி, நின்றுவிட்டால் கூட அழுத்துகிறோம் என்று அர்த்தம். எங்கோ பார்த்துப் படித்திருக்கிறான். ஒவ்வொரு சதுரம் முடியவும் ஸ்பொஞ்சைத் துப்புரவாக்கினான். மூன்று நாள், அஸருக்குப் பிறகு மஃரிப் வரைக்கும், பகுதி பகுதியாகச் செய்தோம்.

இனிப் பிழை. மூன்றாம் நாள் கடைசியாக மிஞ்சியது பொனெட். பொனெட்டின் இரு பக்கமும் நீளமாக ஒரு மடிப்பு ஓடுகிறது. “வாப்பா, அந்தக் கரையில டேப் ஒட்டிட்டுச் செய்வம். கரையில பூச்சு மெல்லிசு” என்றான் மகன். மஃரிபுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. “என்னத்துக்கு டேப், கவனமாச் செய்யலாம்” என்று மெஷினை வாங்கிக்கொண்டோம். மடிப்பில் ஒரு ஆழமான கோடு இருந்தது. நகத்தால் தடவினால் நகம் இடறும் கோடு. அப்படி இடறினால் அதை விட்டுவிட வேண்டும் என்று இருவரும் வாசித்திருக்கிறோம். விடவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. ஸ்பொஞ்சைத் தூக்கிப் பார்த்தால் அதில் கறுப்பு.

கிளியர் கோட் உள்ள காரில் ஸ்பொஞ்சில் நிறம் வந்தால் ஒரே அர்த்தம்தான். மேல்பூச்சு முடிந்துவிட்டது. பெருவிரல் நகம் அளவுக்கு, மடிப்பின் உச்சியில், மங்கலாக ஒரு இடம். முன்பு வைத்திருந்தவரும் அந்த இடத்தைத் தேய்த்திருக்கலாம். ஆனால் டேப் வேண்டாம் என்றது அவர் இல்லை.

மெஷினை நிறுத்தினோம். யாரும் பேசவில்லை. “ஒழுங்காச் செய்யத் தெரியாட்டி கை வைக்காம இருந்திருக்கலாமே” என்று அவன் சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. அந்த வசனம் எங்கள் இருவரின் காதிலும் கேட்டது. அவன் சொல்லவில்லை. குனிந்து பார்த்தான். துணியால் ஒற்றினான்.

“பரவாயில்ல வாப்பா. சின்ன இடம்தானே. பாஸ்ட காட்டுவம். மத்தப் பக்கம் டேப் ஒட்டிட்டுச் செய்வம்.”

மற்றப் பக்கத்தை அவன் செய்தான். நாங்கள் டோர்ச் பிடித்தோம்.

அடுத்த நாள் வெக்ஸ் பூசினோம். இரவில் காரைப் பாலத்தடிக்குக் கொண்டுபோய் அதே லைட் போஸ்டின் கீழ் நிறுத்திப் பார்த்தோம். வலை இல்லை. விளக்கு ஒரு பொட்டாகப் பொனெட்டில் நின்றது. உற்றுப் பார்த்தால் ஆங்காங்கே சில கோடுகள் இன்னும் இருந்தன. டிக்கியில் “கழுவவும்” போய்விட்டது, “தயவுசெய்து”வில் ஒரு எழுத்தின் வால் மட்டும் மிச்சம். எடுக்கலாமா என்று கேட்டோம். “கிடக்கட்டும்” என்றான். அதுதான் சரி. எல்லாக் கோட்டையும் எடுக்கப் போனால் எடுப்பதற்குப் பூச்சு மிஞ்சாது. இந்தக் காருக்கு இப்படி இன்னும் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் தாங்கும் என்று பாஸ் சொன்னார். மங்கின இடத்துக்கு அவர் ஒரு துளி பூச்சு வைத்துத் தந்தார். கிட்டப் போனால் தெரியும். இருக்கட்டும்.

இப்போது காலையில் துணி எடுப்பதில்லை. தூசியோடுதான் பாடசாலைக்குப் போகிறோம். கண்ணாடிக்கு மட்டும் தண்ணீர். ஆரம்பத்தில் சக ஆசிரியர்கள் “என்ன சேர், காருக்கு இப்ப கவனிப்பில்லையா?” என்று கேட்டார்கள். இதுதான் கவனிப்பு என்று விளங்கப்படுத்த நேரம் எடுத்தது. பிள்ளைகளிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம், எழுத ஆசையென்றால் கரும்பலகையில் எழுதுங்கள் என்று. வெள்ளிக்கிழமைக் காலையில் வாளிச் சத்தம் திரும்ப வந்துவிட்டது, இப்போது இரண்டு வாளி.

ஒரு கடன் மட்டும் பாக்கி இருந்தது. ஏசியது எல்லோருக்கும் முன்னால், மன்னிப்புக் கேட்டது அறைக்குள். பெருநாளைக்கு மாமியும் மச்சானும் வந்திருந்தார்கள். மச்சான் காரைப் பார்த்துவிட்டு “ஆர்ட வேலை?” என்றார். “மகன்ட. அண்டைக்கு அவன ஏசினோமே, அந்தக் கோடு நாங்க போட்டது. அவன் எடுத்தது” என்றோம். மகன் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டான். மாமி எங்களைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலையும் எத்தனையோ பேர் அன்போடு காய்ந்த துணியால் காரைத் துடைத்திருப்பீர்கள். நாளைக்கு வேண்டாம். தூசி இருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கம் உள்ளவர்கள் செய்து பார்க்க விரும்பினால் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள், மகன் காட்டித் தருவான். ஸ்பொஞ்சும் டேப்பும் உங்களுடையதைக் கொண்டு வாருங்கள். டேப்பை மறந்துவிட்டு வந்தால் மெஷினைத் தரமாட்டான்.